நாப்பது போடற எடத்துல தொண்ணூறு

ஏரோப்ளேன் மோதிருச்சுங் தம்பி.

சிரிக்காதீங்க. இந்தக் கண்ணாடிக் கடைக்காரனும் இப்பிடித்தான் சிரிச்சான். உங்குளுது என்ன, லாரிச் சக்கரத்துல இருந்து கல்லு தெறிச்சதா? பாத்தீங்களா, ஒரே வார்த்தைல சொல்லிப்போட்டீங்க, கேக்கறவங்களும் அய்யோ பாவம்ங்கறாங்க. நான் பின்கண்ணாடில ஏரோப்ளேன் மோதிருச்சுன்னா, எந்த ஊரு ஏரோப்ளேன்னு கேக்கறாங்க. நெகமத்து ஏரோப்ளேன். எனக்கு மாப்ளயா வர இருந்த பையனோட ஏரோப்ளேன். எம்பொண்ணு கல்யாணமே ஒருக்கா நின்னுபோச்சுங்க இந்தக் கண்ணாடியால.

பசை காயற வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாதுங்கறான். உங்குளுதும் அப்பிடித்தானே? உக்காருங்க, டீ சொல்லியிருக்கேன். நடந்ததச் சொல்றேன், ஞாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எம் பேரு நாச்சிமுத்துங்க. உடுமலைல மோட்டார் கடை. போர் மோட்டார், கெணத்து மோட்டார், பைப்பு, கேபிளு எல்லாம் இருக்குது. எங்கடைக்கு ஒரு கொள்கை. கேக்கற சைஸக் குடுக்கறதில்ல, அதுக்கு ஒரு சைஸ் எச்சாக் குடுக்கறது. மூணு எச்.பி. கேட்டா அஞ்சு. அஞ்சு கேட்டா ஏழரை. 'ஏனுங்க, எங்க போர்ல அவ்வளவு தண்ணி இல்லீங்களே'ம்பான். தண்ணி இல்லாதது போரோட கொறைங்க, மோட்டாரோட கொறையா? எங்கிட்ட வாங்கிட்டுப் போனவங்கள்ல ஒருத்தர் கூட மோட்டார் சிறுசாப் போச்சுன்னு திரும்பி வந்ததில்ல. காயில் கருகிப்போச்சு, போர் வறண்டுபோச்சுன்னு வந்திருக்காங்க, அது வேற. உடுமலை சுத்துவட்டாரத்துல என்னைய ஏழரைன்னுதான் சொல்லுவாங்க. ஒரு விசேசத்துக்குள்ள நான் நொழஞ்சாப் போதும், 'ஏழரை வந்துருச்சு'ன்னு ஆளாளுக்கு எந்திரிச்சு நகந்துருவாங்க. அவ்வளவு மருவாதி.

இந்த வண்டியவே பாருங்க. ஊட்டுல மூணு பேரு. நான், எம்பட ஊட்டுக்காரி பூங்கொடி, பொண்ணு மிதுனா. ஏழு பேரு போற வண்டி எடுத்தேன். பின்னாடி மூணாவது சீட்டுல உக்கார ஆளில்ல. அதனால என்ன? இருக்குதுல்ல?

பொண்ணு பாலிடெக்னிக்குல கணக்குச் சொல்லிக் குடுக்கறா. அவளுக்கு வரன் பாக்கறதுலயும் நான் கொள்கைய உடல. நமக்கு ஒரு சைஸ் எச்சா இருக்கற எடமாப் பாத்தேன். அந்த எடத்துக்காரங்க அவங்களுக்கு ஒரு சைஸ் எச்சா இருக்கற எடமாப் பாத்தாங்க. அதுலயே பொண்ணுக்கு முப்பது நெருங்கிருச்சு. அப்பத்தான் நெகமத்துல இருந்து ஒரு ஜாதகம் வந்துச்சு. பேரு லோகநாதன், லோகுன்னு கூப்புடறாங்க. தேங்கா நாரு மில்லுல மெசினெல்லாம் பாத்துக்கற இன்ஜினீயர். மிதுனா நேர்ல பாத்தா, போன்லயும் பேசினா. ஒரு நாளு வந்து, 'அப்பா, இவரு போதும்'ன்னா.

போதுமா? அம்மிணி, புருசன் என்ன சோறா, போதும்ங்கறதுக்கு?

ஆனா அவ வாயில இருந்து செரின்னு வந்த மொத வரன் அது. தட்ட முடியுமா? மாப்ள ஊடு பாக்க நெகமம் போனோம். ஊடு செரியான ஊடுதான். பின்னால தோப்பு இருக்குது. அப்பா இல்ல, அம்மா செல்வநாயகி மட்டும். நல்ல பொம்பள, எதுக்கும் அவசரப்படாது. காப்பி குடுத்துப்போட்டு, 'லோகு ரூமையும் பாத்துருங்க'ன்னாங்க. போய்ப் பாத்தா கட்டலு மேல ஒரு ஏரோப்ளேன் படுத்திருக்குது. லோகு கீழ பாய் போட்டுப் படுக்கறானாம்.

பொம்மைன்னு நெனைக்காதீங்க. றெக்கை மட்டும் அஞ்சடி. ரிமோட்டுல ஓட்டறது. தக்கை மாதிரி லேசா ஒரு மரம், பால்சாவாம். அத இவனே அறுத்து, ஒட்டி, மேல பளபளன்னு தாளு இழுத்து ஒட்டி வெச்சிருக்கான். தூக்கிப் பாத்தேன், ஒரு பூன கனம் கூட இல்ல. மூக்குல மட்டும் ஒண்ணுமில்ல, மொட்டையா இருந்துச்சு. எஞ்சின் இன்னும் வாங்கலையாம்.

எனக்கு மோட்டார்க்காரன் புத்தி. 'எத்தன எச்.பி. போடறீங்க மாப்ள?'ன்னேன்.

'நாப்பது சைஸ் போடணுங்க மாமா. ஒரு எச்.பி. வரும்.'

தம்பி, குடிச்ச காப்பி மேல ஏறிருச்சு எனக்கு. ஒரு எச்.பி.! மாடி டேங்குக்குத் தண்ணி ஏத்தறதே எங்கடைல ஒரு எச்.பி.ங்க. அது எங்கயும் பறக்கறதில்ல, ஒரே மூலைல கெடக்குது. ஆகாசத்துல போறதுக்கு ஒண்ணு எப்பிடிப் பத்தும்?

'நாப்பதுக்கு மேல இல்லீங்களா?'

'இருக்குதுங்க. நாப்பத்தாறு, அறுவது, தொண்ணூறுன்னு போகும். ஆனா இது ட்ரெயினருங்க மாமா. பழகறவங்க ஓட்டறது. நாப்பதுல இருந்து நாப்பத்தாறுக்குள்ள போடச் சொல்லிப் பெட்டிலயே போட்டிருக்குது. மெதுவாப் போனாத்தான் பழகறவங்களுக்கு யோசிக்க நேரம் கெடைக்கும்.'

'யாரு பழகறது?'

'ஒருத்தங்க ஆசப்பட்டாங்க'ன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டான். கூட வேல செய்யறவன் எவனோ போலன்னு நானும் உட்டுட்டேன்.

வர்ற வழில பூங்கொடிகிட்டச் சொன்னேன். 'ஒரு பிளேனுக்கே நாப்பது போதும்ங்கறவன், நம்ம பொண்ணுக்கு எதுல எச்சாப் பண்ணப் போறான்? பெட்டில போட்டிருக்குதாம்! மோட்டார் பெட்டிலயும்தான் பக்கம் பக்கமாப் போட்டிருப்பான், இத்தன வருசத்துல நான் ஒண்ணாவது படிச்சிருப்பனா?' பூங்கொடி சன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. அதுக்கு அப்பப்பக் கழுத்து வலி வருமுங்க. நான் பேசறப்ப கொஞ்சம் எச்சா வரும்.

செரி, பையன் நல்ல பையன், சிறுசா நெனச்சுப் பழகிட்டான், நாம பெருசாக்கி உடுவோம்னு முடிவு பண்ணேன். போன் போட்டு, 'எஞ்சின் மாமனாரு சீரு மாப்ள, நானே கொண்டு வர்றேன்'ன்னேன். 'வேண்டாங்க மாமா'ன்னான். மொறைக்கு ஒரு தடவ வேண்டாங்கறது வழக்கந்தானே? ரெண்டாவது தடவயும் சொன்னான். மூணாவது தடவயும் சொன்னான். நல்ல வளர்ப்புன்னு நெனச்சுக்கிட்டேன்.

கோயமுத்தூர்ல இதுக்குன்னே கடை வெச்சிருக்கறான் ஒருத்தன். தொண்ணூறு குடுன்னேன். 'எந்தப் பிளேனுக்குங்க?'ன்னான். நான் எங்கடைல யாரையாவது எந்த போருக்குன்னு கேட்டிருப்பனா? யாவாரம் தெரியாத ஆளு. தொண்ணூற வாங்கியே தீருவேன்னு நின்னு வாங்கிட்டு வந்தேன். என்னா எஞ்சினுங்க அது! கையில வெச்சா கை எறங்கும்.

நெகமம் போயிப் பிளேன் மூக்குல வெச்சுப் பாத்தோம். உள்ள போகல. அதுக்கென்ன, எங்க லேத்துக்காரர்கிட்டச் சொல்லி ஒரு இரும்புத் தகடு அடிச்சு, மூக்க அறுத்து மாட்டியாச்சு. பெரிய எஞ்சினுக்குப் பெரிய காத்தாடி வேணும். அதப் போட்டா தரைல இடிக்குது. அதுக்கென்ன, முன்சக்கரத்தப் பெருசாக்கினேன், கொழந்தைங்க நடவண்டில இருக்குமே, அந்தச் சக்கரம். அப்புறம் மூக்குக் கனமாயி முன்னால குப்புற உழுகுது. அதுக்கென்ன, வாலுலயும் கனத்த வெச்சாச் செரியாப் போச்சு. போர் பைப்புக்குப் போடற நட்டு போல்ட்டு எங்கடைல இல்லாததா? வாலுல ஒரு கொத்துக் கட்டினேன். நின்னுச்சு பாருங்க, தராசாட்ட.

ஒவ்வொண்ணுக்கும் லோகு, 'இது தாங்குமாங்க மாமா?'ம்பான். தாங்கும் மாப்ளம்பேன். 'செரிங்க மாமா'ம்பான். மிதுனா போன் பண்ணி, 'அப்பா, அவரு பிளேன அவருகிட்டயே உட்டுருங்கப்பா, போதும்'ம்பா. அவளுக்கு அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்லத் தெரியும்.

அப்புறம் இந்த ரப்பர் பேண்டு. தம்பி, நீங்க நம்ப மாட்டீங்க. அந்த அஞ்சடி றெக்கைய ஒடம்போட சேத்துப் புடிக்கறது எது தெரியுமா? ரப்பர் பேண்டு. சாம்பார் பார்சலுக்குப் போடுவானே, அதுல கொஞ்சம் தடியா. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துப் பன்னண்டு குறுக்கும் நெடுக்குமா. எனக்கு வெக்கமாப் போச்சு. ஒறம்பரை எல்லாம் வந்து பாக்கறப்போ, நாச்சிமுத்து மாப்ள ரப்பர் பேண்டு போட்ட பிளேன் வெச்சிருக்கான்னு சொல்ல மாட்டாங்களா?

'உழுந்தா றெக்கை தானாக் கழண்டுக்குமுங்க மாமா. ஒடையாது. அதுக்காகத்தான் ரப்பர்'ன்னான்.

'உழுந்தாங்கற பேச்சே நம்ம கிட்ட இருக்கக் கூடாது மாப்ள'ன்னு சொல்லிப்போட்டு, ஜி.ஐ. கம்பிய எடுத்து நாலு சுத்து சுத்தி, கட்டிங் பிளேயர்ல முறுக்கி உட்டேன். ஆனையக் கட்டலாம் அதுல. பூங்கொடி வந்து பாத்துட்டு, 'ஆட்டுக்குட்டிக்கு எருமத் தலைய வெச்சாப்ல இருக்குது'ன்னுச்சு. பொம்பளைங்களுக்கு மெசின் பத்தி என்ன தெரியும்?

நெகமத்துக்கு அக்கட்டால ஒரு மொட்டக்காடு இருக்குது. ஞாயித்துக்கெழமைல இந்தப் பிளேன் ஓட்டறவங்க நாலஞ்சு பேரு அங்க கூடுவாங்க. நல்ல நாளு பாத்து, ரெண்டு ஊட்டுக்காரங்களும் போனோம். எம்பட கணக்கு என்னன்னா, பிளேன் மேல ஏறினதும் கை தட்டறாங்க, அதே சூட்டுல அங்கயே நிச்சயத்துக்குத் தேதி வெச்சரலாம்னு. பூ, பழம், தேங்கா எல்லாம் வண்டில வெச்சிருந்தேன். வண்டிய நெழலு பாத்து ஓரமா நிறுத்தினேன்.

இந்த எஞ்சினு பெட்ரோல்ல ஓடாதுங்க. சாராயம் மாதிரி ஒண்ணு, அதுல வெளக்கெண்ணெய் கலந்திருக்கும். நெசமாத்தான் சொல்றேன். கொழந்தைங்களுக்கு வயித்தால போகறதுக்குக் குடுக்கறமே, அதே வெளக்கெண்ணெய். ஒரு தடவ ஓட்டினாப் போதும், துணி, கை, தலமுடியெல்லாம் அந்த வாசம் அடிக்கும்.

ஸ்டார்ட் பண்ணோம். அடேயப்பா! அந்தக் காடே அதிர்ந்துச்சு. வால நாந்தான் புடிச்சிருந்தேன், என்னையே இழுக்குதுங்க. அங்க இருந்த மத்தவங்க பிளேனையெல்லாம் தூக்கிட்டு அக்கட்டாலப் போயிட்டாங்க. பொறாமை. 'உடுங்க மாமா'ன்னான், உட்டேன்.

ஓடுச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு. காடு முடியற எடம் வரைக்கும் ஓடிப்போட்டு, வேலிகிட்டப் போயி, எந்திரிச்சுது பாருங்க, ராக்கெட்டு! நேரா மேல. நான் கை தட்டிட்டேன். அப்புறம் றெக்கை டர்ருனு ஆட ஆரம்பிச்சுது. லோகு எஞ்சினக் கொறைச்சான். கொறைச்சதும் கல்லாட்டம் எறங்குது. 'கொறைக்காதீங்க மாப்ள! ஃபுல்லாக் குடுங்க! ஃபுல்லு!'ன்னு கத்தினேன்.

'செரிங்க மாமா'ன்னு குடுத்தான்.

அது பாத்த தெசைல எம்பட வண்டி நின்னுச்சு. பின்கண்ணாடியப் பொத்துக்கிட்டு உள்ள போயி, மூணாவது சீட்டுல உக்காந்துக்கிச்சு. வண்டி வாங்குனதுல இருந்து அந்த சீட்டுல உக்காந்த மொத ஆளு அதுதான். காத்தாடி நிக்கற வரைக்கும் பூவும் பழமும் வெளிய பறந்துச்சுங்க.

செல்வநாயகியம்மா பக்கத்துல வந்து, 'ஆருக்கும் ஒண்ணும் ஆகல, அது போதுமுங்க'ன்னாங்க. அப்புறம் வண்டிய ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு, 'சின்ன வண்டியா இருந்திருந்தா இந்தச் சீட்டே இருந்திருக்காது, தப்பிச்சிருக்கும்'ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்!

'ஓட்டத் தெரியாத பையனுக்குப் பொண்ணு குடுக்க முடியாது'ன்னு அங்கயே சொல்லிப்போட்டேன்.

'நீங்கதானுங்க மாமா ஃபுல்லாக் குடுக்கச் சொன்னீங்க'ன்னான் லோகு.

'நான் ஆயரஞ் சொல்லுவேன். அப்பிடியே கேக்கறதா? ஒரு மாமனாரு சொன்னா நாலு வார்த்த எதுத்துப் பேசற தெகிரியம் வேண்டாமா? நாளைக்கு எம்பொண்ண எப்பிடிக் காப்பாத்துவ?'

நீங்களே சொல்லுங்க, நான் கேட்டதுல தப்பு இருக்குதா? டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க.

அவன் மூணாவது சீட்டுல ஏறி, கம்பிய அறுத்து, ஒடஞ்ச றெக்கைய ஒரு துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டான். தொண்ணூறு எஞ்சினத் தொடச்சு எங்கையில குடுத்தான். அதுக்கு ஒரு கீறல் கூட இல்ல. தரமான சரக்கு.

ஊட்டுக்கு வந்ததும் மிதுனா சொன்னா. 'அப்பா, கட்டிக்கிட்டா அவரத்தான். நீங்க வேண்டாம்னா வேண்டாம், நான் இப்பிடியே இருந்துக்கறேன். எனக்கு அவசரமில்ல.' அழுதிருந்தாக் கூடச் சமாளிச்சிருப்பேன் தம்பி. அழுகல. சொல்லிப்போட்டு பரிச்சப் பேப்பர் திருத்தப் போயிட்டா. எனக்குப் பக்குனு ஆயிருச்சு. ஆனா ஏழரைன்னு பேரெடுத்தவன் எறங்கி வர முடியுமா? நானும் வேற ஜாதகம் பாக்கறேன்னுட்டேன். ஒவ்வொண்ணாக் கொண்டாந்து அவ மேசைல வெப்பேன். அவ அத எடுத்து அலமாரில அடுக்குவா. சண்டையே இல்ல. ஊட்டுல டிவி சத்தம் மட்டுந்தான்.

கண்ணாடியும் அப்ப மாத்தல. எதுக்கு மாத்தறது? மனசு ஒடஞ்சு கெடக்கறப்போ கண்ணாடி என்ன வேண்டிக் கெடக்குது? கடைல பழைய மோட்டார் ப்ளெக்ஸ் இருந்துச்சு, தண்ணி கொட்டற படம், அத வெட்டி ஒட்டிக்கிட்டே ஓட்டினேன். பின்னால வர்றவங்க ஆரன் அடிச்சு வெல கேப்பாங்க.

இந்த நேரத்துல மிதுனா யோகா கிளாஸுக்குப் போக ஆரம்பிச்சா. ஞாயித்துக்கெழமை காலைல போனா மத்தியானந்தான் வருவா. நானும் செரி, மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு உட்டுட்டேன். நல்ல யோகாதான் போல. முகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு. கழுத்து மட்டும் வெயில்ல கறுத்துப்போச்சு. கிட்ட வந்தா வெளக்கெண்ணெய் வாசம் அடிக்கும். யோகாவுல ஒடம்புக்கு என்னமோ தேச்சு உடறாங்கன்னு நெனச்சேன். பூங்கொடியும் ஞாயித்துக்கெழம ஆனா கோயிலுக்குன்னு கெளம்பிரும். பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டுதலாம். தூக்குப்போசில தயிர்சாதம் எடுத்துட்டுப் போகும். சாமிக்குப் படைக்கன்னு நெனச்சேன். அதுவும் வந்தா அதே வாசந்தான். கோயில்ல வெளக்குப் போட்டிருக்கும்.

ஞாயித்துக்கெழமைல ஊட்டுல நான் ஒருத்தன்தான். நானும் அந்தத் தொண்ணூறு எஞ்சினும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருப்போம். ஒரு நாளு தோணுச்சு. தப்பு எஞ்சின் மேல இல்ல. அதத் தாங்கற பிளேன் கெடைக்கல, அவ்வளவுதான். எஞ்சினுக்கு ஏத்தாப்ல நாமளே ஒரு பெரிய பிளேன் வாங்கிட்டா என்ன? மொட்டக்காட்டுல கூடறவங்கள விசாரிக்கலாம்னு எஞ்சின மடில வெச்சுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

வண்டிய தூரத்துலயே நிறுத்தினேன். முன்னப் போல ஆயிரக் கூடாதுல்ல. எறங்கினா மேல ஒரு பிளேன் சுத்துது. அதே பிளேன். றெக்கைல மஞ்ச டேப்பு ஒட்டுப் போட்டு, மூக்குல சின்ன எஞ்சினு. சத்தமே வேறயா இருந்துச்சுங்க, தையல் மெசினு ஓடறாப்ல. மெதுவா, ஒரு வட்டம் போட்டு, அந்தக் கோடிக்குப் போயித் திரும்பி வந்துச்சு. எனக்கே கொஞ்ச நேரம் பாக்கணும் போல இருந்துச்சு. அப்புறம் கீழ பாத்தேன்.

தென்னந்தடுக்குப் பந்தல் நெழல்ல செல்வநாயகியம்மா உக்காந்து தூக்குப்போசியத் தொறக்கறாங்க. பக்கத்துல உக்காந்து ஊறுகாய் எடுத்து வெக்கறது ஆருன்னு பாத்தா, பூங்கொடி. கோயிலுக்குப் போன பூங்கொடி! காட்டுக்கு நடுவுல லோகு. அவனுக்கு ஓரடி முன்னால, கழுத்துல ரிமோட்டுப் பொட்டிய மாட்டிக்கிட்டு, ஆகாசத்தப் பாத்துட்டு நிக்கறது யோகாவுக்குப் போன எம்பொண்ணு மிதுனா.

ஆசப்பட்டது ஆருன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

தம்பி, கோவம் வந்துருக்கணும். வரல. என்னையத் தவர எல்லாரும் அங்க இருந்தாங்க. ஒரு குடும்பம் ஞாயித்துக்கெழமையானா ஒண்ணாக் கூடி, சிரிச்சுப் பேசி, தயிர்சாதம் சாப்புடுது. அது என் குடும்பம். நான் ஊட்டுல எஞ்சினோட உக்காந்திருக்கறேன். என்னையக் கூப்புட்டா நான் ஏதாவது எச்சாப் பண்ணிருவேன்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கணும், வேறென்ன.

கிட்டப் போனேன். பூங்கொடி பாத்துட்டு ஊறுகாயக் கீழ போட்டுருச்சு. நான் வாயத் தொறந்தேன். 'அம்மிணி, எஞ்சினக் கொஞ்சம் எச்சாக் குடு, எறங்குது பாரு'ன்னு சொல்ல வந்தேன்.

லோகு திரும்பினான். கைய இப்பிடி நீட்டி, 'மாமா, கம்முனு நில்லுங்க. அவங்க எறக்கறாங்க. தனியா எறக்கறது இன்னைக்குத்தான் மொத தடவ'ன்னான்.

என்னைய! கம்முனு நில்லுங்கன்னு! எங்கடைல, எங்க ஊட்டுல, எங்க ஒறம்பரைல ஒருத்தன் எங்கிட்டச் சொல்லாத வார்த்த. நின்னேன். கால் தானா நின்னுருச்சு. மிதுனா என்னையப் பாக்கவே இல்ல. பிளேன விட்டுக் கண்ண எடுக்கல. எஞ்சினக் கொறைச்சா, இன்னும் கொறைச்சா, எனக்கு இங்க உசுரு போகுது. கொறைக்கக் கொறைக்க அது கெஞ்சாம, திமிறாம, தாழ வந்துச்சு. தரையத் தொட்டு, ஒரு குதி குதிச்சு, உருண்டு வந்து நின்னுச்சு.

எல்லாரும் கை தட்டினாங்க. நானுந்தான்.

மிதுனா அப்பத்தான் என்னையப் பாத்தா. பயந்துதான் பாத்தா. நான், 'அது என்ன வயரு?'ன்னேன். அவ பொட்டில இருந்து லோகு கையில இருந்த இன்னொரு பொட்டிக்கு ஒரு வயரு போச்சு.

'பழகறவங்களுக்குப்பா. இவரு பொட்டில ஒரு பட்டன் இருக்குது. அத அழுத்திப் புடிச்சிருந்தா பிளேன் என் கையில. உட்டுட்டா இவரு கைக்குப் போயிரும். நான் தப்புப் பண்ணினா இவரு வாங்கி, நேராக்கி, திருப்பி எங்கிட்டயே குடுத்துருவாரு. இன்னைக்கு ஒரு தடவ கூட வாங்கலப்பா!'

'திருப்பிக் குடுத்துருவாரா?'ன்னேன்.

'குடுத்துருவாருப்பா.'

நான் லோகுவப் பாத்தேன். மாமனாரையே கம்முனு இருங்கன்னவன், எம்பொண்ணு கையில இருக்கறத வாங்கினாலும் திருப்பிக் குடுத்துருவானாம். எனக்கு என்னமோ அன்னைக்குத்தான் அவன் உசரமாத் தெரிஞ்சான். சொல்லிக்காம, 'செரி, பொட்டிய இப்பிடிக் குடுங்க. நானும் ஓட்டறேன்'ன்னேன்.

அம்புட்டுப் பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. மிதுனாதான், 'குடுங்க, நான் பாத்துக்கறேன்'ன்னு லோகுகிட்ட இருந்து பட்டன் பொட்டிய வாங்கிக்கிட்டா. அவ பொட்டிய எங்கழுத்துல மாட்டி உட்டா. பிளேன மேல ஏத்தி, 'ம், இப்ப உங்க கையிலப்பா'ன்னா.

தம்பி, சாமி சத்தியமாச் சொல்றேன், பொறந்ததுல இருந்து ஓட்டறவனாட்ட ஓட்டினேன். எடுத்ததும் ஃபுல்லாக் குடுத்தேன், நாந்தான் குடுப்பனே. அது பாட்டுக்கு அதே நெதானத்துல போகுது. நாப்பதுக்கு அவ்வளவுதான் சத்துன்னு அன்னைக்கு என் கையாலயே தெரிஞ்சுக்கிட்டேன். நான் எடது பக்கம் இழுத்தா, அது கொஞ்சம் யோசிச்சு, வலது பக்கம் அழகாத் திரும்பும். அதுல ஏதோ கணக்கு இருக்குது, போகப் போகப் புடிபட்டுருச்சு. நடுவுல மூக்கு அரிச்சுது, ரெண்டு கையும் எடுத்துச் சொறிஞ்சேன். பிளேன் பாட்டுக்கு எங்க தலைக்கு மேல வட்டம் போட்டுட்டு இருந்துச்சு. அவ்வளவு சுளுவாப் பழகிருச்சுங்க எனக்கு. பூங்கொடியக் கூப்புட்டுக் கையாட்டினேன். எறக்கினதும் நாந்தான். ஒரு குதி கூடக் குதிக்கல.

'ஒரு தடவயாச்சும் வாங்கினயா அம்மிணி?'ன்னு கேட்டேன்.

'இல்லப்பா. உங்ககிட்ட இருந்து நான் வாங்கவே இல்ல'ன்னா. அப்புறம் எங்கழுத்துல இருந்து பொட்டியக் கழட்டிக்கிட்டே, 'நல்லா ஓட்டினீங்கப்பா'ன்னா.

எம்பொண்ணு எங்கிட்ட அப்பிடிச் சொல்லி எத்தன வருசமாச்சுங்க. அவ எப்பவும் போதும்ப்பா, போதும்ப்பான்னுதானே சொல்லுவா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வெளக்கெண்ணெய்ப் பொகைன்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன். அந்த எடத்துலயே லோகு கையப் புடிச்சு, 'தையில கல்யாணம் மாப்ள'ன்னேன்.

அவன் மூஞ்சிய அக்கட்டாலத் திருப்பிக்கிட்டான். வாயப் பொத்திட்டு, தோளு குலுங்கக் குலுங்க நின்னான். சந்தோசத்துல அழுகறானுங்க. மிதுனாவும் அவன் தோள்ல மூஞ்சிய வெச்சுக் குலுங்கறா. நான் பாத்த எடத்துலயெல்லாம், தம்பி, மாமனாரு பிளேன் ஓட்டறதப் பாத்து இப்பிடி மனசு உருகற மாப்ள ஒருத்தன் கூட இருந்ததில்லீங்க.